பூசையாடையும் மலையகக் கம்பளியும்

ஆடை உடலை மறைக்கிறது. பல வேளைகளில் தன்னை நெய்தவனையும் தைத்தவனையும் சேர்த்தே அது மறைத்துவிடுகிறது. கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் சமுதாயக் கண்கொண்டு ஆராயும் நம் விமர்சகர்கள் ஆடையை அவ்வாறு ஆராய்ந்தது குறைவு. தமிழில் ‘நூல்’ என்ற ஒரே சொல் இழையையும் ஏட்டையும் குறிக்கிறது. நூல் செய்யும் தொழிலை நூல் நூற்கும் தொழிலோடு ஒப்பிட்டு விளக்கினார் நன்னூலார். ஆகவே இழையாலான நூலையும் ஏட்டாலான நூலைப் போலவே படிக்கலாம் என்று கொள்வதில் தவறில்லை. ஆக்கியவர் யார், எவருக்காக ஆக்கினார், எந்த வர்க்கத்தின் தேவையை அது நிறைவேற்றிற்று என்னும் கேள்விகள் இரண்டுக்கும் பொதுவானவை.

இங்கே நாம் படிக்க எடுத்துக்கொள்வது கிறிஸ்தவ குருமார் பூசை வேளையில் அணியும் ஆடை. படிக்கும் இடம் மாத்தளை மாவட்டம். கண்டியரசின் காலத்தில் ஒளிந்து வாழ்ந்த கத்தோலிக்கரும், ஆங்கில ஆட்சியை எதிர்த்தெழுந்த சிங்களக் குடியானவரும், கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரும் அடுத்தடுத்துத் தடம் பதித்த மண் அது. குருவின் அங்கி இம்மூன்று வரலாறுகளிலும் ஏதோ ஒரு வகையில் குறுக்கிடுகிறது.

பூசையாடையைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் உள்ளன. விசுவாசி அதனை விண்ணிலிருந்து இறங்கிய புனிதப் பொருளாகக் காண்கிறார். பகுத்தறிவு பேசும் நண்பரோ அதனை வெறும் வேடமென்று நகைத்து ஒதுக்குகிறார். பார்வையில் மாறுபட்டாலும் இருவரும் செய்யும் பிழை ஒன்றே. அந்த ஆடைக்கு ஒரு வரலாறு உண்டென்பதை இருவருமே எண்ணிப் பார்ப்பதில்லை.

அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். பழைய ரோம முறைப்படி குரு முதலில் கழுத்தையும் தோளையும் மூடும் ஒரு சதுரத் துகிலை அணிவார். அதன்மேல் கணுக்கால்வரை நீண்ட வெண்ணங்கி. அதனை இடையில் இறுக்க ஒரு கயிறு. கழுத்திலிருந்து தொங்கும் நீண்ட பட்டை ஸ்தோலா எனப்படும். இடக்கையில் சிறு கைத்துகில் ஒன்று மாட்டப்படும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைவழியே நுழைத்து அணியும் பெரிய மேலாடைக்குக் காசுலா என்று பெயர். இவற்றுள் எதுவும் வழிபாட்டுக்கென்றே பிறந்த உடையன்று. வெண்ணங்கி ரோமப் பேரரசின் மக்கள் அணிந்த சாதாரண நீளச் சட்டை. கைத்துகில் முகத்து வியர்வையை ஒற்றிக்கொள்ளும் துணி. நம் உழவன் தோளில் கிடக்கும் துண்டுக்கு அது உறவு. அதனைக் கையில் மாட்டும்போது குரு சொல்லிவந்த பழைய மன்றாட்டு, கண்ணீரையும் துயரையும் சுமப்பது பற்றியும் உழைப்பின் கூலியைப் பெறுவது பற்றியும் பேசியது.

காசுலாவின் பிறப்பு இவை எல்லாவற்றினும் கருதத்தக்கது. லத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் ‘சிறு குடில்’ என்று பொருள். ஆளை முழுவதும் மூடி, மழையிலும் குளிரிலும் ஒரு குடிசையைப் போலக் காத்ததால் அப்பெயர் வந்தது. பயணிகளும் உழவரும் அடிமைகளும் வெளிவேலையின்போது அணிந்த தடித்த கம்பளி மேலாடையே அதன் மூலம். பெரும்பாலும் முக்காடும் அதனோடு சேர்ந்திருக்கும். கி.பி. 382-ஆம் ஆண்டில் பிறந்த அரசாணை ஒன்று, நகரத்தினுள் படைவீரர் போர்வையை நீக்கி இவ்வகை மேலாடையை அணியுமாறு செனட்டர்களைப் பணித்தது. அவ்வாறு உழைப்பாளியின் மழைக்காப்பு மேன்மக்களின் உடையாயிற்று. ஊராரின் உடைப் பாங்கு பின்னர் மாறியபோது குருமார் பழையதை விடவில்லை. பொதுவுடை இவ்வாறே தனியுடையாகியது.

இம்மாற்றத்தைத் திருச்சபைக்குள்ளேயே எதிர்த்தவர் உண்டு. 428-ஆம் ஆண்டில் பாப்பரசர் முதலாம் செலஸ்தீன் காலியா நாட்டு ஆயர்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் விடுத்தார். அவர்கள் தனிவகை உடை பூணத் தொடங்கியதே காரணம். குருவை மக்களிடமிருந்து வேறுபடுத்த வேண்டியது போதனையும் ஒழுக்கமுமேயன்றி உடையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாதம் தோற்றது. நிலப்பிரபுத்துவ காலத்தில் ஆயர்கள் பெருநில உடைமையாளரானபோது கம்பளியின் இடத்தைப் பட்டும், பட்டின்மேல் பொற்சரிகையும் பிடித்துக்கொண்டன. கனத்த சரிகையால் ஆடை விறைத்துக் கையை உயர்த்துவதே அரிதாகிவிட்டது. அதற்காகச் சரிகையைக் குறைக்கவில்லை, பக்கங்களை வெட்டினர். பிற்காலத்துக் காசுலா முன்னும் பின்னும் தொங்கும் இரு பலகைகள் போலானது இதனாலேயே. காப்பதற்குப் பிறந்த ஆடை காப்பதை விட்டுவிட்டுக் காட்டத் தொடங்கிற்று.

துணியின் விதிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. வெண்ணங்கி ஆளிநாராலாகிய லினன் துணியாலோ சணல்நார்த் துணியாலோ மட்டுமே ஆகவேண்டும், பருத்தி ஆகாது என்று 1819-இல் ரோமாபுரியின் சடங்குச் சபை விதித்தது. காசுலாவுக்குப் பட்டு வேண்டும் என்பதும் விதி. பருத்தியை நூற்றும் நெய்தும் உலகுக்கு உடை கொடுத்த தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் அந்த விதி பொருந்தியதே நகைப்புக்குரியது. ஆளி விளையும் ஐரோப்பிய வயலின் துணி பீடத்துக்குத் தகும், கைக்கோளர் தறியில் விளைந்த வெள்ளை வேட்டித் துணி தகாது என்றால், அந்தத் தீர்ப்பில் இறையியல் எவ்வளவு, பழக்கத்தின் ஆணவம் எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மார்க்ஸ் தமது ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்தில் பண்டத்தின் மதிப்பை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் 20 கஜம் லினனும் ஒரு கோட்டுமாகும். துணியில் உறைந்து கிடக்கும் மனித உழைப்பு, பண்டமாகிச் சந்தைக்கு வந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது என்று அவர் காட்டினார். சந்தையில் ஒருமுறை மறைந்த உழைப்பைப் பீடத்தில் இரண்டாம் முறையும் மறைப்பது பூசையாடையின் வழக்கம். ஆசீர்வதிக்கப்பட்ட துணிக்கு நெய்தவன் பெயர் இல்லை. தைத்தவளின் கூலிக் கணக்கும் இல்லை.

இனி மாத்தளைக்கு வருவோம். இம்மாவட்டத்தின் வஹக்கோட்டை பழைமையான கத்தோலிக்கக் கிராமம். அங்குள்ள அந்தோனியார் ஆலயம் இன்றும் யாத்திரிகர் கூடும் தலம். ஒல்லாந்தர் கரையோரத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்தபோது கண்டியரசின் உள்நாடு இத்தகைய மக்களுக்குப் புகலிடமாயிற்று. குருவும் பூசையும் அரிதாகிய காலத்திலும் அவர்கள் சமயத்தை விட்டுவிடவில்லை. அங்கியில்லாமல் விசுவாசம் வாழமுடியாது என்போருக்கு இம்மக்களின் வரலாறே விடை.

அக்காலத்தில் இலங்கைக்கு வந்தவர் கோவாவின் கொங்கணிப் பிராமணக் குடும்பத்திற் பிறந்த ஜோசப் வாஸ் அடிகள். 1687-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அவர் உடலில் குருவின் அங்கி இல்லை; கூலியாளின் உடையே இருந்தது. வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்ற அவரை மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கருக்கு இனங்காட்டியது கழுத்திலிருந்த செபமாலைதான். 1692-இல் கண்டி சென்றதும் போர்த்துக்கேய ஒற்றனென்று ஐயுற்றுச் சிறைவைத்தனர். 1697-இல் அம்மை நோய் கண்டியைச் சூறையாடிய வேளையில் நோயாளரைத் தொட்டுப் பணிபுரிந்தவரும் அவரே. 1711-இல் கண்டியிலேயே உயிர்நீத்தார். அவரைப் புனிதரென்று பாப்பரசர் அறிவித்தது 2015-ஆம் ஆண்டில், கொழும்புக் காலிமுகத் திடலில். நாம் அவருடைய இறையியலை ஏற்பவரல்லர். ஆயினும் உயர்குடியிற் பிறந்த ஒருவர் கூலியாளின் உடைக்குள் புகுந்து மக்களை அடைந்தார் என்பதையும், வேடமாகப் பூண்ட அவ்வுடையே அவருக்கு உண்மையான வழியைத் திறந்தது என்பதையும் மறுக்கமாட்டோம்.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1848 ஜூலையில் மாத்தளையில் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, தெருவேலைக்குக் கட்டாய உழைப்பும் கேட்ட ஆங்கில அரசின்மீது மூண்ட கோபம் அது. கிளர்ச்சியை நசுக்கிய அரசு, குடாப்பொல தேரர் என்னும் பௌத்த பிக்குவை ஆகஸ்ட் மாதத்தில் கண்டியில் சுட்டுக்கொன்றது. சீவர ஆடையுடனேயே அவரைச் சுட்டனர். அச்செய்தி இங்கிலாந்துப் பாராளுமன்ற விசாரணை வரை சென்றது; தேசாதிபதி டொரிங்டன் 1850-இல் பதவியிழந்தார். பௌத்த சீவரம் கந்தைத் துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடையாகத் தொடங்கிற்று. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைக் கண்டு அதன் வெட்டுமுறை வகுக்கப்பட்டதென்பது பௌத்த மரபு. வயலின் வடிவத்தைத் தாங்கிய அந்த ஆடை, வயலில் உழைப்போரின் கிளர்ச்சியில் துப்பாக்கிக் குண்டுக்கு இலக்காயிற்று. அதே அரசின் வருமானத்திலிருந்துதான் ஆங்கிலத் திருச்சபைக் குருமார் பலருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. அந்த மானியத்தை நிறுத்தும் சட்டம் 1881-இல்தான் வந்தது. ஏகாதிபத்தியம் எந்த அங்கியைப் புனிதமென்று மதித்தது, எதனை மதிக்கவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்து வந்தது கோப்பியின் காலம். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே தம்புள்ளையூடாக நடந்துவந்த தொழிலாளருக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளை. வழியில் நோயிலும் பசியிலும் மாண்டோர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவருக்கு லயத்தில் ஓர் அறையும் ஒரு கம்பளியும் கிடைத்தன. கம்பளி தோட்டத்தின் தானமன்று; அதன் விலை பற்றெழுதப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. மலைக்குளிரில் இரவுப் போர்வையும் அதுவே, மழையில் கொங்காணியாக மடித்துத் தலைக்கிட்டுக் கொள்வதும் அதுவே. தலையை மூடி, தோளை மூடி, ஆளை ஒரு குடிலைப் போலக் காத்த அந்தக் கம்பளியைக் காசுலாவின் பிறப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரோமாபுரியின் அடிமை மழையில் அணிந்த ஆடையும் மாத்தளைத் தொழிலாளி மழையில் அணிந்த ஆடையும் பயனாலும் வடிவாலும் ஒரே இனத்தவை. பீடத்தில் நின்ற குருவுக்கும் ஆலயத்தின் கடைசியில் நின்ற கூலிக்கும் இடையே இவ்வளவு நெருங்கிய ஆடை உறவு இருந்தது. அதனை எவரும் கண்டிலர்.

அவர்கள் கண்கள் வேறிடத்தில் இருந்தன. 1854-இல் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு தொடங்கிய ஓர் இயக்கத்துக்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயர். பெயரிலேயே வர்க்க முத்திரை. 1875-இல் கொழும்புப் பேராயரான ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன் அப்போது முப்பது வயது இளைஞர்; உயர்சபைச் சடங்கு மரபில் பற்றுடையவர். சர்ச் மிஷனரி சங்கத்தாரோ எளிய வழிபாட்டை விரும்பிய சுவிசேஷப் பிரிவினர். தோட்டத் தமிழரிடையே நடக்கும் பணி எவருடைய ஆணைக்கு உட்பட்டது என்பதில் பூசல் தொடங்கிற்று; சடங்குகள் பற்றிய ஐயங்கள் அதற்கு எண்ணெய் வார்த்தன. 1876-இல் பேராயர் மிஷனரிமார் பலருடைய உரிமைப் பத்திரங்களை மீளப் பெற்றார். இங்கிலாந்துப் பேராயர்கள் 1880-இல் கருத்துரைக்கும்வரை பூசல் நீடித்தது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்திலும் பூசையாடை, மெழுகுதிரி, தூபம் ஆகியவை குறித்து வழக்குகள் நடந்தன. 1874-இல் அதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. 1877-இல் ஆர்தர் டூத் என்னும் குரு சிறையும் சென்றார்.

அந்த ஆண்டுகளை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டியது தாது வருஷப் பஞ்சம். எலும்பும் தோலுமாய்த் தப்பியவர்கள் கூட்டங்கூட்டமாக இலங்கைக்குக் கப்பலேறினர். பேராயரும் மிஷனரிமாரும் அதிகாரத்துக்கும் சடங்குக்குமாகக் கடிதப் போர் நடத்திய அதே மாதங்களில் அவர்கள் மாத்தளை வீதியில் நடந்துகொண்டிருந்தனர். ‘கூலி மிஷன்’ யாருடையது என்ற வழக்கில் கூலியைக் கேட்டறிந்தவர் யாருமில்லை. உபதேசியார்கள் சிலரும் மிஷனரிகள் சிலரும் பள்ளிகள் நடத்தி எழுத்தறிவு தந்தனர். அந்த நன்மையை நாம் மறைக்கவில்லை. ஆனால் தனிமனிதரின் நல்லெண்ணம் ஒரு நிறுவனத்தின் வர்க்க நிலையை மாற்றிவிடாது.

ஐரோப்பியப் பட்டைக் களைந்து நாட்டுடை பூண்டால் குறை தீர்ந்துவிடும் என்று சொல்வோர் உண்டு. அக்கருத்தில் பாதியளவே உண்மை உள்ளது. 1606-இல் மதுரைக்கு வந்த ரொபர்ட் தெ நொபிலி காவியுடுத்துச் சந்நியாசியாக வாழ்ந்தார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்த தொண்டு பெரிது. ஆனால் உயர்சாதியாரிடம் செல்ல ஒருவகைக் குருவும், ஏனையோரிடம் செல்லப் பண்டாரசுவாமிகள் என்னும் மற்றொரு வகைக் குருவும் என 1640 முதல் அம்மிஷன் பிரிந்து இயங்கிற்று. உடை உள்நாட்டுடையாயிற்று, சாதியும் உள்நாட்டுச் சாதியாகவே பீடம்வரை வந்தது. ஸ்தோலாவையே பாருங்கள். தியாக்கோன் இடத்தோளில் அணிவதும் குரு கழுத்தில் அணிவதும் பதவியைக் காட்டும் முறைகள். நம் நாட்டில் துண்டு அதே வேலையைச் செய்தது. மேற்சாதியார் முன்னிலையில் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும் என்ற கொடுமையை அனுபவித்த மக்களுக்கு, ஒரு துணி கிடக்கும் இடம் எத்துணைப் பெரிய அரசியல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டு சில கதவுகளைத் திறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1967-இல் கைத்துகில் கட்டாயமன்று என்றாயிற்று. 1969-இல் வெளிவந்த பொது விதிகள் அந்தந்த நாட்டின் இயற்கைத் துணிகளுக்கு இடந்தந்தன. 1819-இல் வெளியேற்றிய பருத்திக்கு ஒன்றரை நூற்றாண்டின் பின் அனுமதி கிடைத்தது. அதே 1969-இல் இந்தியத் திருச்சபைக்கு எளிய மேலாடையும் ஸ்தோலாவும் மட்டும் போதும் என்ற இசைவும் வந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா உறுப்புகளுள்ளும் முதலில் கைவிடப்பட்டது வியர்வைத் துணியே. உழைப்பின் கூலியைப் பற்றிப் பேசிய அந்த மன்றாட்டும் அதனோடு பெரும்பாலும் வழக்கொழிந்தது.

இலங்கையில் வேறு வகையில் சிந்தித்த கிறிஸ்தவரும் இருந்தனர். 1958-இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் சகோதரத்துவம் மே தினத்தைத் தொழிலாளர் பூசையோடு இணைத்தது. மாத்தளையையும் உள்ளடக்கிய குருநாகல் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க மற்றொரு சான்று. 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயிற்று. நோயுற்றிருந்த அப்பேராயர், நடந்ததற்காகச் சிங்களவர் வெட்கப்படவேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தம் சபையாருக்கு எழுதினார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். அவர் அணிந்த ஆடையின் துணி எதுவென்று இன்று எவரும் கேட்பதில்லை. 428-இல் செலஸ்தீன் சொல்லித் தோற்ற வாதம் அந்த ஒரு கடிதத்திலேனும் வென்றது.

எனவே ஆலய அங்கியைப் பற்றிய நமது விமர்சனம் அழகைப் பழிப்பதன்று. நல்ல நெசவும் நல்ல வண்ணமும் மனித உழைப்பின் வெற்றிகள். உழைக்கும் மக்களும் அழகை விரும்புகிறவர்களே. தேர்ச்சீலையிலும் திருவிழாப் புடைவையிலும் அவர்கள் அதைக் காட்டியிருக்கிறார்கள். யாருடைய தோளிலிருந்து எடுத்த ஆடை இது, அவனுக்குத் திருப்பித் தந்தது என்ன என்பதே நாம் கேட்கும் கேள்வி. நாளொன்றுக்கு 1000 ரூபா கூலி என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021-இல்தான் சட்டபூர்வமாயிற்று. அக்கூலிக்காகப் போராடிய மலையக மக்கள் குருவின் பொற்சரிகையைப் பார்க்கும்போது பக்தியோடு கணக்கும் பார்க்கப் பழகவேண்டும். ஆசிரியர்கள் வரலாற்றுப் பாடத்தில் மன்னரின் முடியைப் பற்றிச் சொல்வதோடு நில்லாது, அந்தக் கம்பளியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது தோட்டக் கணக்கேட்டில் வெறும் கடனாக எழுதப்பட்டது. மழைநாளில் அதைத் தலையிலிட்டு மலையேறிய பெண் அணிந்திருந்ததோ காசுலாவின் பழைய, உண்மையான வடிவம். பீடத்தருகே அவளுக்குரிய இடம் எது என்பதற்குத் திருச்சபை விடை சொல்லட்டும். அவளுடைய கூலிக்கும் குடிலுக்கும் நிலத்துக்கும் விடை சொல்லவேண்டிய பொறுப்பு நம் அனைவருடையது.